இடது தோளுக்கு ஒரு நிபுணர்

உலகத்தில் துப்பாக்கி சுடுகிறவர்கள் உண்டு, துப்பாக்கியைக் கண்டால் ஓடுகிறவர்கள் உண்டு. இந்த இருவருக்கும் நடுவில், சுடவும் மாட்டாமல் ஓடவும் மாட்டாமல், சுடுகிறவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "அப்படியில்ல, இப்படி" என்று சொல்வதற்கென்றே பிறந்த ஓர் இனமும் உண்டு. இன்று உங்களுக்கு அந்த இனத்தைத்தான் அறிமுகப்படுத்தப் போகிறேன். பயப்படாதீர்கள், கடிக்காது. காதோரம் வந்து பேசும், அவ்வளவுதான்.

அடுத்தவருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் நிபுணர். இவரை உங்களுக்குத் தெரியும். நீங்கள் மூக்குக்கண்ணாடி வாங்கப் போனால் கூடவே வந்து, சட்டத்தைத் தன் மூக்கில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "உனக்கு நல்லா இருக்கு" என்பவர் இவர்தான். நண்பரின் மகள் என்ன படிக்க வேண்டும், மைத்துனர் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரின் முதுகுவலிக்கு எந்த மெத்தை ஆகும், எல்லாம் இவருக்கு அத்துப்படி. அந்த மகளையோ மைத்துனரையோ முதுகையோ ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். எதற்குக் கேட்க வேண்டும்? கேட்டுத் தெரிந்துகொள்கிறவன் ஒரு நிபுணனா?

எங்கும் இருக்கிற இனம்தான். ஆனால் நன்றாக ஊறி வளர்ந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் எங்கள் குறிசுடும் சங்கத்துக்கு வரவேண்டும். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, படுத்துச் சுடுவதற்குப் பத்துப் பாய்கள், ஐம்பது மீட்டர் தள்ளி மண்மேட்டின் முன்னால் வரிசையாக அட்டைகள், சுவரோரம் துப்பாக்கிகளை வைத்துப் பூட்டும் இரும்பு அலமாரி. அந்த அட்டைகளில் விழுந்த ஓட்டைகளை எண்ணிப் புள்ளி போடுகிறவன் நான். போட்டி நாட்களில் கடிகாரமும் விசிலும்கூட என் கையில்தான். இருபது வருஷமாக ஓட்டை எண்ணுகிறவனுக்கு எவ்வளவு பொறுமை மிச்சம் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிபுணர் பதினோரு வருஷமாக ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. கழுத்துப் பிடிப்பு. அதற்கு முன்னால் சுட்ட காலத்திலும் அவருடைய அட்டைகளை எண்ணுவதற்கு எனக்கு அதிக நேரம் ஆனதில்லை என்பதை இங்கே அடக்கமாகச் சொல்லிவைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்கு, நாங்கள் வருவதற்கு முன்பே, கதவருகே இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் இருப்பார். மடியில் ஒரு நோட்டு, காதில் பென்சில், முழங்காலில் அளவு டேப். யாராவது பாயில் படுத்தால் போதும், எழுந்து வந்துவிடுவார். முதலில் "ம்ம்ம்" என்பார். சுடுகிறவர் அதைக் காதில் வாங்காவிட்டால் கொஞ்சம் சத்தமாக "ம்ம்ம்" என்பார். அதற்கும் மசியவில்லையென்றால், "அடிப்படை என்னன்னா" என்று ஆரம்பிப்பார். அவர் அடிப்படையை ஆரம்பித்து முடிப்பதற்குள் தோட்டா குளிர்ந்து, கை மரத்து, சுட வந்தவருக்கு எதற்காக இந்த விளையாட்டில் சேர்ந்தோம் என்றே மறந்துபோகும். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் யோசனைப் பெட்டி. ஊரில் உள்ள பெட்டியில் நாம் போட வேண்டும்; இந்தப் பெட்டி தானே திறந்து நம் தலையில் கொட்டும்.

இனி, அந்தத் தலைக்கு வருவோம்.

சங்கத்தில் ஒரு தையற்காரப் பெண் இருக்கிறாள். கடைத்தெருவில் ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம், அதுதான் அவள் கடை. முப்பத்தாறு வயது. இடது கைக்காரி. கத்தரி, ஊசி, பேனா எல்லாம் இடது கைதான். துப்பாக்கியும் இடது தோளில்தான். அதிகம் பேச மாட்டாள். ஆறு வருஷமாகக் கடை திறப்பதற்கு முன்னால் வந்து சுட்டுவிட்டுப் போகிறாள். அவள் அட்டையை எண்ணுவது மட்டும் எனக்கு ஒரு சுகம். ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, காஜா எடுத்த மாதிரி நடுவிலேயே இருக்கும்.

ஆனால் சங்கத்துத் துப்பாக்கிகள் எல்லாம் வலக்கைக்காரர்களுக்குச் செய்தவை. ஒவ்வொரு தோட்டாவையும் சுட்ட பிறகு போல்ட் என்கிற கைப்பிடியைப் பின்னால் இழுத்துக் காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததைப் போட வேண்டும். அந்தக் கைப்பிடி வலது பக்கம் இருக்கும். வலக்கைக்காரருக்கு அது கைக்கெட்டிய வேலை. இவளோ, துப்பாக்கியைத் தாங்கிக்கொண்டிருக்கும் வலது கையை விடுவித்து, துப்பாக்கியைச் சாய்த்து, இழுத்து, போட்டு, மறுபடி முதலிலிருந்து குறி பிடிக்க வேண்டும். சூடான காலித் தோட்டா நேரே இவள் முகத்துப் பக்கமாகவே வந்து விழும். போட்டியில் அறுபது தோட்டா, ஐம்பது நிமிடம். மற்றவர்கள் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது இவள் நாற்பத்தைந்தாவது தோட்டாவில் இருப்பாள்.

நால்வர் அணி ஒன்று வெளியூர்ப் பெரிய போட்டிக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது இடத்துக்கு ஒரே ஒரு தேர்வுப் போட்டி. "ஒரு தடவையாவது இந்தக் கொட்டகைக்கு வெளியே போய்ச் சுடணும் அண்ணே" என்று அவள் என்னிடம் சொன்னாள். ஆறு வருஷத்தில் அவள் எனக்குச் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது.

அதிர்ஷ்டம் பாருங்கள், அலமாரியின் அடித்தட்டில் எப்போதோ யாரோ விட்டுப்போன இடக்கைத் துப்பாக்கி ஒன்று கிடந்தது. குழல் சுத்தமாக இருந்தது, போல்ட் இடது பக்கம் இருந்தது, எல்லாம் இருந்தது. தோளில் வைத்துப் பிடிக்கிற மரக்கட்டையில் மட்டும் ஒரு விரிசல். போட்டிக்கு மூன்று மாதம் இருந்தது. நாற்காலி செய்யும் தச்சர் ஒருவர் எங்கள் சங்கத்தில் உறுப்பினர். பழைய கட்டையை அவரிடம் கொடுத்து "இதே மாதிரி ஒண்ணு" என்று சொன்னால் முடிந்தது வேலை.

முடிந்திருக்கும். ஆனால் கதவருகே நாற்காலி காலியாகிவிட்டது. நிபுணர் எழுந்துவிட்டார்.

"இதை எங்கிட்ட விட்டுடும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"விரிசலை ஒட்டினா போதும்னு தச்சர் அண்ணன் சொன்னாரு சார்" என்றாள் அவள்.

"ஒட்டுறதா! ஒட்டுப்போட்ட கட்டையில சுட்டா குண்டு எங்க போகும் தெரியுமா? அடிப்படை என்னன்னா, மரத்தோட உள்நரம்பு எப்படி ஓடுதுன்னு முதல்ல பாக்கணும்."

பார்த்தார். கட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குறுக்கே அறுத்துப் பார்த்தார். நரம்பு தெரிந்தது. கட்டை போயிற்று.

அடுத்த ஞாயிறு கண் பரிசோதனை. இரண்டு கையையும் சேர்த்து நடுவில் சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாக அட்டையைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். கால்மணி நேரம் கழித்து, ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் மாதிரி எங்களைப் பார்த்து, "இவளுக்கு இடது கண்தான் குறி பாக்குற முதல் கண்" என்று அறிவித்தார்.

"தெரியும் சார்" என்றாள் அவள்.

"தெரியும்னு நினைக்கிறது வேற, தெரியறது வேற" என்றார். ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டார். அடுத்த நான்கு ஞாயிறும் எந்த மரம் என்ற ஆராய்ச்சியில் போயின. கனமான மரமா, லேசான மரமா, பளபளப்பா, சொரசொரப்பா, எந்த நாட்டுச் சாம்பியன் எதை வைத்திருக்கிறான் என்று ஊரையே நிற்க வைத்துக் கழுத்தறுத்தார். அவளோ கடையை அரைமணி தாமதமாகத் திறந்துகொண்டு, தலையாட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு கட்டை.

கடைசியில் அளவெடுக்கும் நாள் வந்தது. இங்கே நீங்கள் கொஞ்சம் கூர்ந்து கவனிக்க வேண்டும். நாள் முழுக்க ஊராரின் தோளையும் கையையும் அளந்து வயிறு வளர்க்கிறவளை நடுவில் நிற்க வைத்து, அவள் கழுத்தில் தொங்கிய டேப்பையே கேட்டு வாங்கி, மனிதர் அளவெடுக்கிறார். டேப்பின் மறுமுனையை என்னிடம் கொடுத்தார். நானும் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு கம்பைத் துப்பாக்கி மாதிரி இடது தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்து நின்றாள். நிபுணர் அவளுக்கு நேர் எதிரே நின்று, பார்த்துப் பார்த்துப் படம் வரைந்தார்.

"சார், எனக்குப் பின்னாடி வந்து நின்னு வரைங்க. எதிர்ல நின்னா..."

"பேசாதம்மா. பேசினா தோள் அசையுது."

அவள் வாயை மூடிக்கொண்டாள். நானும்தான். டேப்பைப் பிடித்திருந்தவனுக்கு வாய் இல்லையா என்று கேட்காதீர்கள். இருந்தது. "நமக்கெதுக்கு வம்பு" என்று இருந்துவிட்டேன், வேறென்ன.

படத்தைக் காட்டும்படி அவள் கேட்டாள். "முடிஞ்சதும் பாரு, அசந்துபோயிடுவே" என்று நோட்டை மூடிவிட்டார்.

இந்தச் சமயத்தில் ஒருநாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் உள்ளே மரத்துண்டுகளைக் குடைந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். இடது கையால் வடிகட்டினார், இடது கையால் சர்க்கரை போட்டார், இடது கையால் கலக்கினார். நான் ஆச்சரியமாகப் பார்த்தேன்.

"நீங்களும் இடது கையா அம்மா? அவர் சொன்னதே இல்லையே!"

"உஷ்! அவருக்குத் தெரியாது" என்றார் அந்த அம்மா. "கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் ஆச்சு. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. தெரிஞ்சா எனக்குன்னு ஒரு கரண்டி செய்ய உக்காந்துடுவாரு, அப்புறம் வீட்ல யாரும் சாப்பிட முடியாது."

இதைவிட விவரமான பெண்மணியை நான் பார்த்ததில்லை.

தேர்வுப் போட்டிக்கு மூன்று நாள் முன்னால் கட்டை வந்தது. தச்சர் அதைப் பழைய துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வந்தார். துணியைப் பிரித்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தோம். அப்படி ஒரு வேலைப்பாடு! வழவழப்பான பிடி, கட்டைவிரல் நுழைவதற்குத் துளை, கன்னம் வைப்பதற்கு மெத்தைபோல் ஒரு மேடு. குழலையும் போல்ட்டையும் அவரே கச்சிதமாகப் பொருத்தியிருந்தார். தையற்காரப் பெண்ணின் முகத்தில் முதல்முறையாகப் பல் தெரிந்தது. எடுத்து இடது தோளில் வைத்தாள். கட்டைவிரலைத் துளையில் விட்டாள். போகவில்லை. கன்னத்தைச் சாய்த்தாள். மேடு மறுபக்கம் இருந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவளுக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. நிபுணர் எதிரே நின்று தன் கண்ணுக்குத் தெரிந்தபடி வரைந்திருக்கிறார். அவள் கன்னம் கட்டையின் வலது பக்கம் இருந்தது. எதிரே நின்றவருக்கு அது இடது பக்கமாகத் தெரிந்தது. படத்தில் மேடு இடது பக்கம் ஏறிவிட்டது. தச்சர் பாவம், எல்லாப் படத்தையும் போலவே, இதையும் சுடுகிறவர் பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். ஆக, கட்டை முழுக்க வலக்கைக்காரருக்கு. ஆனால் இரும்புப் பகுதி கையிலேயே இருந்ததால் போல்ட்டுக்கு மட்டும் சரியாக இடது பக்கம் இடம் விட்டிருந்தார். கட்டை வலக்கை, போல்ட் இடக்கை. இந்தப் பூமியில் எந்தக் கைக்காரருக்கும் ஆகாத ஒரு துப்பாக்கியை எங்கள் சங்கம் மூன்று மாதம் பாடுபட்டு உருவாக்கியிருந்தது.

"சட்டையைப் போட்டிருக்கிறவங்க பக்கத்துலேருந்துதான் சார் இடது வலது" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "தையல் கத்துக்க வர்ற சின்னப் புள்ளைக்குக்கூட முதல்ல அதைத்தான் சொல்லிக்குடுப்போம்."

"படத்துல இருந்தபடிதான்மா செஞ்சேன்" என்றார் தச்சர். குரலே எழும்பவில்லை.

நிபுணர் கலங்கினாரா? நீங்கள் இந்த இனத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. அவர் துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ம்ம்ம்" என்றார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"இது ரெண்டு கைக்கும் பொதுவான துப்பாக்கி! இன்னைக்கு வரைக்கும் யாரும் செஞ்சதில்ல. நீ ஒண்ணு பண்ணும்மா. தோளை மாத்திக்கோ. வலது தோள்ல வை. இன்னும் மூணு நாள் இருக்குல்ல?"

முப்பத்தாறு வருஷத்துக் கையை மூன்று நாளில் மாற்ற வேண்டுமாம். கட்டையை மாற்ற மூன்று மாதம் போதவில்லை. எனக்கு வந்த கோபத்தில் விசிலை எடுத்து அவர் காதில் ஊதியிருப்பேன். ஊதவில்லை.

அவள் சங்கத்தின் பழைய வலக்கைத் துப்பாக்கியையே எடுத்துக்கொண்டாள். கன்னம் வைக்கும் இடத்துக்குப் பழைய கோட்டுத் துணியில் பஞ்சு வைத்துத் தைத்து, நாடா போட்டுக் கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை போட்டி. அவளோடு போட்டியிட்டவள் ஒரு வங்கி ஊழியர், நல்ல பெண், வலக்கைக்காரி. நான் விசில் ஊதினேன். ஆரம்பித்தார்கள்.

வங்கிப் பெண் நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்தாள். இவள் கையை விடுவித்து, சாய்த்து, இழுத்து, போட்டு, மறுபடி குறி பிடித்துக்கொண்டிருந்தாள். காலித் தோட்டாக்கள் கைமடிப்பில் விழுந்து சுட்டன. தட்டிவிடக்கூட அவள் நிற்கவில்லை. நாற்பத்தொன்பதாவது நிமிடம் ஐம்பத்தெட்டாவது தோட்டா. ஐம்பத்தொன்பது. அறுபதாவதைப் போட்டுவிட்டாள். கன்னத்தைச் சாய்த்துவிட்டாள். விரலும் விசைக்குப் போய்விட்டது.

என் கையிலிருந்த கடிகாரம் ஐம்பதைத் தொட்டது. ஊத வேண்டியவன் நான். ஊதினேன்.

அவள் சுடவில்லை. விதி தெரிந்தவள், விரலை எடுத்துவிட்டாள். போல்ட்டைத் திறந்து அந்த முழுத் தோட்டாவை வெளியே எடுத்துப் பாய்மேல் வைத்தாள்.

அட்டைகளை நான்தான் எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன். வங்கிப் பெண் ஐந்நூற்று எழுபத்துநான்கு. இவள், ஐம்பத்தொன்பது தோட்டாவிலேயே, ஐந்நூற்று எழுபது. அந்தக் கடைசித் தோட்டாவுக்குப் பத்து வேண்டாம். ஒன்பது வேண்டாம். ஐந்து போதும். அவள் ஆறு வருஷத்தில் ஐந்து சுட்டு நான் பார்த்ததே இல்லை, அதற்குக் கீழே அவளுக்குச் சுடவே வராது. எண்ணைப் படிக்கும்போது குரல் உடைந்ததை யாராவது கவனித்திருந்தால் கவனித்துவிட்டுப் போகட்டும்.

நிபுணர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். தலையை மெல்ல ஆட்டினார்.

"நான் அப்பவே சொன்னேன். தோளை மாத்தியிருந்தா ஜெயிச்சிருப்பே."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு நாடாவை அவிழ்த்துத் துணியைச் சுருட்ட ஆரம்பித்தாள். அவரை எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மனிதரிடமிருந்து அவளைக் காப்பாற்ற வேண்டும், ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"விடும்மா. அடுத்த வருஷத்துக்கு நான் ஒரு வழி சொல்றேன் கேளு. அடிப்படை என்னன்னா..."

சொன்னவன் நான்தான். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவள் சுருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் உங்ககிட்ட ஏதாவது கேட்டேனா அண்ணே?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் தச்சர் ஒரு புது மரத்துண்டைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனாராம். "எங்க என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றாராம். அவள் சட்டைக்கு வெட்டுகிற பழுப்புக் காகிதத்தைத் தன் தோளில் வைத்து மடித்து, வெட்டி, சாக்பீஸால் "கன்னம்", "விரல்" என்று எழுதிக் கொடுத்தாளாம். கட்டை நாலே நாளில் வந்துவிட்டது. தோளில் வைத்தால் தைத்துப் போட்ட மாதிரி உட்காருகிறது. அணி அதற்கு முந்தின நாளே வெளியூர் போய்விட்டது.

நிபுணர் புதுக் கட்டையைத் தடவிப் பார்த்து, "என் படத்தை வச்சுத்தானே?" என்று கேட்டார் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். எங்கே நழுவுகிறீர்கள்? உட்காருங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, "அந்த மேட்டைச் செதுக்கி எடுத்திருக்கலாமே", "வேறு சங்கத்தில் இரவல் கேட்டிருக்கலாமே", "நான் அங்கே இருந்திருந்தால்" என்று எத்தனை தடவை நினைத்தீர்கள்? ஒரு தடவைகூட இல்லையா? நல்லது, நம்புகிறேன். நீங்கள் அந்த இனமே இல்லை. அப்படியானால் ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்: போன மாதம் உங்கள் வீட்டில் ஒருவருக்கு, ஆசை ஆசையாக, நாலு கடை ஏறி இறங்கி, அவர் நல்லதுக்கென்றே ஒன்று வாங்கி வந்து கொடுத்தீர்களே, அவரும் "நல்லா இருக்கு" என்று வாங்கி உள்ளே வைத்தாரே, அதை அவர் இன்றுவரை ஒரு தடவையாவது வெளியே எடுத்ததை நீங்கள் பார்த்தீர்களா?